வராதவர்களுக்கு ஒரு ஃபோன்

மருந்து வாங்க வராதவர்களுக்கு ஃபோன் போடும் வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவருடைய வேலை, சீட்டை வாங்கிப் பார்த்து, மருந்தை எடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது. அவ்வளவுதான். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலை எடுப்பார். டாக்டர் எழுதி அனுப்பியும் மூன்று வாரமாக யாரும் வந்து வாங்காத மருந்துகளின் பட்டியல் அது. ஒரு கையில் ஸ்பூன், ஒரு கையில் ஃபோன். "மருந்தகத்துலேருந்து பேசறேன். உங்க சீட்டு ஒண்ணு இங்க நிக்குது" என்று ஆரம்பிப்பார்.

எல்லோரும் அவரை ஸ்டேப்ளர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கிளிப் கழன்று ஒரு தாள் தொலைந்ததால் யாரோ ஒருவருக்கு இரண்டு மாதம் மருந்து தள்ளிப்போனதைப் பார்த்த நாளிலிருந்து அவர் கிளிப்பைத் தொடுவதில்லை. எதுவானாலும் இடது மூலையில் ஒரு அடி. பிறந்தநாள் வாழ்த்து அட்டையைக்கூட அக்கா பின் அடித்துத்தான் கொடுப்பார் என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். ஐம்பத்தைந்து வயது, குள்ளமான உருவம், கழுத்தில் தொங்கும் கண்ணாடி. குரல் மட்டும் ஆளைவிட இரண்டு மடங்கு.

அந்த வாரப் பட்டியலில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருந்தான். அவன் பெரும்பாலும் லிஃப்ட் குழிக்குள் சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பவன் என்பதால், எங்கே கேட்டாலும் மனைவியின் நம்பரைத்தான் கொடுப்பான். அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். மெஷின் இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. அவருக்கு மாத்திரையே போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராமே, இனி என்ன சீட்டு என்று கேட்டாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அதை அவரையே கேட்டுக்குங்கம்மா. கேட்டுட்டு எனக்கு ஒரு ஃபோன் போடுங்க. நான் ஆறு மணி வரைக்கும் இருப்பேன்."

அந்தச் சின்ன மௌனத்திலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

சாயந்தரம் அவன் வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்து, டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துத் தேநீர் குடித்தான். சூட்டுக்காக அப்படிப் பிடிக்கிறான் என்று அவள் பல மாதமாக நினைத்திருந்தாள். பொத்தான் வைத்த சட்டைகளை விட்டுவிட்டுத் தலைவழியே மாட்டும் பனியன் சட்டைகளுக்கு அவன் மாறியதை, இத்தனை வயசுக்கு மேல் வந்த ஸ்டைல் என்று கேலியும் செய்திருக்கிறாள்.

"மருந்தகத்துலேருந்து ஃபோன் வந்துது" என்றாள்.

அவன் மறைக்கப் பார்க்கவில்லை. மாட்டிக்கொண்டதில் நிம்மதியடைந்தவன் போல வரிசையாகச் சொன்னான். மூட்டுவாதம் விரல்களில் இறங்கிவிட்டது. மாத்திரை கேட்கவில்லை. இப்படியே விட்டால் ஒரு வருஷத்தில் விரல்கள் மடங்கியபடி நின்றுவிடும், இந்த ஊசிதான் தடுக்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மருந்தகக் கவுண்ட்டரில் விலை கேட்டான். இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக அவர்கள் பங்காக மட்டும், ஒரு ஊசிக்கு ஒரு மாத வீட்டு வாடகைக்கு மேல். மாதத்துக்கு இரண்டு ஊசி. வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று அங்கே சொன்னான். வீட்டில் வந்து, மாத்திரை போதுமாம் என்று சொன்னான்.

"பொண்ணு படிப்பை நிறுத்திட்டு என் விரலை நிமித்தணுமா?" என்று கேட்டான்.

கோபம் வந்தால் பாத்திரங்களும் பேசும் என்று அவளைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு ஒரு பாத்திரமும் பேசவில்லை. டாக்டர் கையில் கொடுத்த சீட்டின் நகல் எங்கே என்று மட்டும் கேட்டாள். கருவிப் பெட்டியின் அடித்தட்டில், ஸ்க்ரூடிரைவர்களுக்குக் கீழே, எட்டாக மடித்து வைத்திருந்தான்.

அடுத்த சனிக்கிழமை அவள் தனியாகத்தான் போனாள். ஸ்டேப்ளர் அக்கா கவுண்ட்டரின் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார். வருகிறவர்களுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே, இடைவெளி கிடைத்தபோதெல்லாம் விட்ட இடத்திலிருந்து பேசினார். இரண்டு கதைகளை ஒரே நேரத்தில் சொல்கிறவர் மாதிரி இருந்தது. இந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு நிதி இருக்கிறது, இந்த வருஷத்துக்குத் தீர்ந்துவிட்டது. ஒரு அறக்கட்டளை இருக்கிறது, அது புற்றுநோய்க்கு மட்டும். மூன்றாவது, மருந்து தயாரிக்கும் கம்பெனியே நடத்தும் உதவித் திட்டம். வருமானம் ஒரு அளவுக்குக் கீழே இருந்தால் மருந்தை இலவசமாகவே அனுப்புவார்கள்.

"அப்படி ஒண்ணு இருக்குன்னு யாருமே சொல்லலையே அக்கா."

"கேட்டாத்தான் சொல்லுவாங்க. இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கேக்க முடியும்" என்றார் அக்கா, யாருக்கோ இருமல் மருந்தை எடுத்துக்கொண்டே.

விண்ணப்பம் பதினோரு பக்கம். சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு, இன்ஷூரன்ஸ் கடிதம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கடைசியில், நோயாளி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த இடத்தில்தான் மெக்கானிக் முரண்டு பிடித்தான். பதினாறு வயதிலிருந்து உழைக்கிறவன், யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை என்றான். மூன்று நாள் பேசி, நான்காம் நாள் பேசாமல் இருந்து, அவள் அவனைக் கவுண்ட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அவன் மரியாதையாகவே சொன்னான்.

"தப்பா நினைக்காதீங்க. யார் முன்னாடியும் கை நீட்டிப் பழக்கமில்ல."

அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றி அவன் கைகளைப் பார்த்தார்.

"கை நீட்ட வேண்டாம் தம்பி. கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவன் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு முரண்டு பிடிப்பது கஷ்டம். பேனாவை வாங்கினான். அது விரல்களுக்குள் நிற்கவில்லை. நழுவி மேஜையில் விழுந்தது. இரண்டாவது தடவையும் விழுந்தது. பின்னால் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் காது சிவந்தது. அக்கா பேனாவைச் சுற்றி ஒட்டும் பட்டையைப் பத்துச் சுற்றுச் சுற்றி, கட்டை விரல் பருமனுக்கு ஆக்கிக் கொடுத்தார்.

"நிதானமாப் போடுங்க. லைன்ல யாருமே இல்ல" என்றார்.

லைனில் நின்ற ஆறு பேரும் எதையோ தேடுவது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவன் நான்கு இடங்களில் கையெழுத்துப் போட்டான்.

மூன்று வாரம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. வருமானம் வரம்பை மீறுகிறது என்று ஒரே வரி. அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு, அழுகையை அடக்கியபடி வேகமாக நடந்து மருந்தகத்துக்குப் போனாள். அக்கா அதைப் படித்துவிட்டு, நல்ல சேதி வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மறுத்திருக்காங்கன்னா படிச்சிருக்காங்கன்னு அர்த்தம். பதிலே வராம இருக்கறதுதான் மோசம். இப்ப எங்க இடிக்குதுன்னு பாப்போம்."

இடித்த இடம் சம்பளச் சீட்டு. கடைசி இரண்டு மாதச் சீட்டுகளைக் கேட்டிருந்தார்கள். அந்த இரண்டு மாதமும் ஒரு புதுக் கட்டடத்தின் வேலைக்காக அவன் இரட்டை ஷிஃப்ட் பார்த்திருந்தான். அதை ஆறால் பெருக்கி, அதுதான் வருஷ வருமானம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த ஓவர்டைம் தற்காலிகமானது என்று அவன் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். இந்த ஊசி ஏன் அவசியம் என்று டாக்டரிடமிருந்தும் ஒரு கடிதம் வேண்டும். முப்பது நாளுக்குள் அனுப்பினால் மறுபடி பார்ப்பார்கள்.

கம்பெனி கடிதம் என்றதும் அவன் முகம் இருண்டது. இப்படி ஒரு நோய் இருப்பது வேலை இடத்தில் யாருக்கும் தெரியாது. கடிதம் எதற்கு என்று கேட்பார்கள். சொன்னால், பிடி நிற்காத கையோடு பதினைந்து மாடிக் குழிக்குள் எவன் இறக்குவான்? நான் போய்க் கேட்கிறேன் என்றாள் அவள். வேண்டாம் என்றான். இரண்டு நாள் யோசித்து, முதலில் தன்னோடு ஒன்பது வருஷமாக வேலை செய்யும் கூட்டாளியிடம் சொல்லிப் பார்க்க முடிவு செய்தான்.

கூட்டாளிக்கு நெட்டை என்று பெயர். உயரமும் அதிகம், பேச்சும் குறைவு. வேனுக்குள் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். நெட்டை வாயில் இருந்ததை மென்று முடித்தான்.

"தெரியும்" என்றான் பிறகு. "ஆறு மாசமா நீ முடுக்கின ஒவ்வொரு நட்டையும் நான் ரெண்டாவது தடவை முடுக்கிட்டிருக்கேன்."

மெக்கானிக்குக் கையில் எடுத்த சாப்பாடு வாய்க்குப் போகவில்லை. தினமும் அவன் முதலில் மேலே ஏறிவிடுவான்; நெட்டை, கருவிகளை எடுத்து வைக்கிறேன் என்று கீழே பத்து நிமிஷம் தங்கிவிட்டுத்தான் வருவான். சோம்பேறி என்று அவன் திட்டியிருக்கிறான்.

"ஏன்டா சொல்லல?"

"நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன். சொல்லிட்ட. வா, சூப்பர்வைசர்கிட்ட நானும் வரேன்."

சூப்பர்வைசர் பயந்த அளவுக்கு மோசமில்லை, ஆசைப்பட்ட அளவுக்கு நல்லவரும் இல்லை. ஓவர்டைம் கடிதத்தை அங்கேயே அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் டாக்டர் சரி என்று எழுதிக் கொடுக்கும் வரை குழிக்குள் இறங்கக் கூடாது என்று அவனைப் பட்டறையில், கன்ட்ரோல் போர்டுகளைச் சோதிக்கும் மேஜைக்கு மாற்றிவிட்டார். உயரத்தில் ஏறுவதற்காகச் சம்பளத்தோடு கொடுக்கும் படிப்பணம் கட். அவள் இதை அக்காவிடம் சொல்லி வருத்தப்பட்டபோது அக்கா கையைத் தேய்த்துக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு. வருமானம் இன்னும் குறைஞ்சிருக்கே. அந்தச் சம்பளச் சீட்டையும் கொண்டு வாங்க."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் வந்தது.

அடுத்தது டாக்டர் கடிதம். டாக்டர் விடுப்பில் போயிருந்தார். கெடு முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் வருவார். அவர் இடத்தில் இருந்த இளம் டாக்டருக்கு மெக்கானிக்கைத் தெரியாது. பழைய குறிப்புகளைப் புரட்டி, இந்த மருந்து பரிந்துரைக்கப்படுகிறது என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தார். அக்கா அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். இதைப் படிக்கிறவர் ஒரு நாளைக்கு நூறு கடிதம் படிக்கிறவர், இதில் ஆள் தெரியவில்லை என்றார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்:

"அவரால என்னென்ன முடியல? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தாள். பாட்டில் மூடி திறக்க முடியவில்லை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்காது. சாவியைக் கதவில் திருப்ப முடியாமல், பெண் வரும் வரை வாசலிலேயே நிற்பார். காற்று வாங்குவதாகச் சொல்வார். சீப்பைப் பிடிக்க முடியாமல் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார். காசை எண்ணாமல் பர்ஸோடு கடைக்காரரிடம் நீட்டுவார். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் தான் பார்த்துத்தான் இருக்கிறோம், பார்த்ததை ஒன்றாகச் சேர்க்காமல்தான் இருந்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. பன்னிரண்டாவதில் குரல் உடைந்தது. அக்கா எழுதுவதை நிறுத்தி, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

அந்தத் தாளையும் எக்ஸ்ரேக்களையும் எடுத்துக்கொண்டு, தன் சாப்பாட்டு நேரத்தில், அக்கா நான்காவது மாடிக்குப் போனார். இளம் டாக்டர் வெளியே வரும் வரை நோயாளிகளோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. பொத்தானும் சாவியும் சீப்பும் அதில் இருந்தன. உயரத்தில் வேலை செய்பவரின் பிடி என்ற வார்த்தையும் இருந்தது. டாக்டருக்கே அதை எழுதியதில் ஒரு திருப்தி இருந்ததாக அக்கா சொன்னார்.

எல்லாம் சேர்த்து முப்பத்து நான்கு பக்கம். கெடுவுக்கு மூன்று நாள் முன்பு ஃபேக்ஸில் அனுப்பியாயிற்று. மறுநாள் விசாரித்தால், வரவில்லை என்றார்கள். மறுபடி அனுப்பினார். பாதிதான் வந்தது என்றார்கள். கடைசி நாள் காலை, அவள் லீவு போட்டுவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அக்கா ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மருந்துக் கம்பெனி லைனில் ஆள் வரக் காத்து நின்றார். அந்தப் பக்கம் ஒரே இசைத் துணுக்கு திரும்பத் திரும்ப ஓடியது. இந்தப் பக்கம் மாத்திரை எண்ணினார், லேபிள் ஒட்டினார், ஒரு பெரியவருக்குச் சர்க்கரை மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று மூன்று தடவை சொன்னார். மேனேஜர் ஒருமுறை வந்து, இது நம்ம வேலை இல்லையே என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அக்கா காதில் இருந்த ஃபோனைக் காட்டித் தலையாட்டினார். மேனேஜர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பக்கத்துக் கவுண்ட்டரைத் தானே திறந்து வரிசையில் பாதியை அங்கே வரச் சொன்னார்.

ஒரு மணி பத்து நிமிஷம் கழித்து ஆள் வந்தார். குரலை வைத்துப் பார்த்தால் சின்ன வயதுப் பெண். அக்கா கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. முப்பத்து நான்கு பக்கத்தையும் ஃபோனிலேயே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். இது வந்திருக்கிறதா, இருக்கிறது, அடுத்தது, இருக்கிறது. இருபத்தாறாவது பக்கம் இல்லை. அங்கேயே அனுப்பி, வந்துவிட்டது என்று அந்தப் பெண் சொல்லும் வரை ஃபோனை வைக்கவில்லை.

"ரொம்பப் பொறுமையாப் பாத்தீங்கம்மா. காலையிலேருந்து எத்தனை பேர் கத்தினாங்களோ, தண்ணி குடிங்க" என்று சொல்லித்தான் வைத்தார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, இந்த மனுஷி எந்த மண்ணால் செய்யப்பட்டவர் என்று தோன்றியது. ஏன் அக்கா இவ்வளவும் செய்கிறீர்கள் என்று கேட்டாள். பின்னால் ஏதோ ஒரு துயரக் கதை இருக்கும் என்று அவள் மனசு தயாராக இருந்தது. அக்காவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"மருந்து இருக்கு. வேணுங்கற ஆளும் இருக்காரு. நடுவுல பேப்பர்தானே நிக்குது" என்றார். "அதைப் பாத்துட்டுச் சும்மா எப்படி உக்காரறது?"

ஒன்பது நாள் கழித்து, சலவைக் கூடத்தில் ஆவிக்கு நடுவில் அவளுக்கு ஃபோன் வந்தது. என்ன சொல்கிறார்கள் என்றே காதில் விழவில்லை. ஃபோனோடு துணிக் கிடங்குக்குள் ஓடி, மடித்த விரிப்புகளுக்கு நடுவில் நின்று, மறுபடி சொல்லச் சொன்னாள். சம்மதம். ஒரு வருஷத்துக்கு. குளிர்ப் பெட்டியில் வீட்டுக்கே வரும். நன்றி சொல்லத் தோன்றாமல், சரி, சரி என்று ஏழெட்டுத் தடவை சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து, யாரோ ஒரு விருந்தாளிக்குப் போக வேண்டிய தலையணை உறையில் முகத்தைத் துடைத்தாள். அந்த உறையை மறுபடி சலவைக்குப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குத் திரும்பினாள்.

ஊசி மாயம் ஒன்றும் செய்யவில்லை. முதல் மாதம் ஒரு வித்தியாசமும் தெரியாமல், இதுக்குத்தான் இவ்வளவு பாடா என்று அவன் மனசுக்குள் நொந்துகொண்டான். ஏழாவது வாரம், ஒரு காலை, பாட்டில் மூடியைத் தானே திறந்ததை அவனே கவனிக்கவில்லை. பெண்தான் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். நான்காவது மாதம், பழைய வேலைக்குச் சரி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இடது சுண்டுவிரல் மட்டும் மடங்கியது மடங்கியதுதான். மீதி ஒன்பதை வைத்துக்கொண்டு அவன் திரும்பவும் குழிக்குள் இறங்கினான்.

இத்தனை நாளில் அவன் அக்காவைப் பார்த்தது கையெழுத்துப் போட்ட அந்த ஒரே தடவைதான். அலைந்ததெல்லாம் மனைவி. நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு நாள் வேலை முடிந்ததும் போனான். என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான்.

அக்கா காதில் ஃபோனை இடுக்கிக்கொண்டு நின்றார். அவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தான். அந்த இசைத் துணுக்கு அவன் காதுக்கும் கேட்டது. இருபது நிமிஷம் ஓடியது. பிறகு ஆள் வந்தார். யாரோ ஒரு சின்னக் குழந்தையின் விண்ணப்பம் போல. அக்கா பக்கம் பக்கமாகச் சரிபார்க்க ஆரம்பித்தார். இடையில் ஒரு தாள் இல்லை என்றார்கள், மறுபடி அனுப்பினார், காத்திருந்தார். மனைவி வீட்டில் வந்து எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். கேட்டுக்கொண்டும் இருந்தான். ஆனால் ஒரு ஆளுக்காக இன்னொரு ஆள் இப்படி நிற்பதை உட்கார்ந்து பார்த்தபோதுதான், தனக்காக என்ன நடந்தது என்பது அவனுக்கு முழுசாக உறைத்தது. தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அதன் பக்கத்தில் ரொம்பச் சின்னதாக இருந்தன.

முக்கால் மணி நேரம் கழித்து அக்கா ஃபோனை வைத்துவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"சொல்லுங்க தம்பி. ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அக்கா அவன் கைகளைக் கேட்டு வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்திப் பார்த்தார். சுண்டுவிரலில் கொஞ்சம் நின்றார்.

"ஊசியை ஃப்ரிட்ஜுல எங்க வைக்கிறீங்க?"

"கதவுல, முட்டை வைக்கிற இடத்துக்கு மேல."

"கதவுல வைக்காதீங்க. திறக்கத் திறக்கச் சூடு படும். உள்ள, நடுத்தட்டுல வைங்க. பின்னால ஒட்டி வைக்காதீங்க, உறைஞ்சிடும்."

சரி அக்கா என்றான். வீட்டுக்குப் போனதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து, தயிர்க் கிண்ணத்தை ஓரம் தள்ளி, நடுத்தட்டில் இடம் செய்தான்.